ஒரே உடலில் இரு காயங்கள்: கடுமையான பிரசவக் கிழிசலுக்கும் சிசேரியனுக்கும் பின் உடல் தேறுவது குறித்த நிகழ்வு ஆய்வு

சிசேரியனுக்குப் பின் தேறுவது கடினமா, பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தைக்கப்பட்ட பின் தேறுவது கடினமா என்று கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் இரு வேறு பெண்களின் அனுபவங்களை அருகருகே வைத்துத்தான் இதற்கு விடை சொல்லப்படுகிறது. வலி தாங்கும் தன்மை, வீட்டில் கிடைக்கும் உதவி, குழந்தையின் உடல்நிலை ஆகிய எல்லாமே ஆளுக்கு ஆள் மாறுவதால் அந்த ஒப்பீடு விரைவிலேயே பயனற்றுப் போகிறது. ஆகவே முதல் குழந்தையை மூன்றாம் நிலைக் கிழிசலோடும் (ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை எட்டிய கிழிசல்), இரண்டாவது குழந்தையைத் திட்டமிட்ட சிசேரியன் வழியாகவும் பெற்ற ஒரே பெண்ணின் வரலாறு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது தனிநபர் ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. இத்தகைய காயங்களைச் சந்தித்த தாய்மாரிடம் திரும்பத் திரும்பக் காணப்படுபவற்றைக் கோத்து ஒரே வரலாறாக அமைத்தது. வலியை மட்டும் அளவுகோலாக வைத்தால் இவ்விரண்டிலும் முதல் இரண்டு வாரங்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பதும், எந்த உறுப்பின் வேலை பாதிக்கப்பட்டது, அது எப்போது வெளிப்பட்டது, அதைப் பற்றி யாராவது கேட்டார்களா என்பவற்றை வைத்தே ஒப்பிட வேண்டும் என்பதும் இந்த ஆய்வின் நிலைப்பாடு.

முதல் பிரசவம்

தாய்க்கு வயது 29. கர்ப்ப காலத்தில் சிக்கல் எதுவும் இல்லை. 40 வாரங்கள் கடந்து வலி தானாகவே தொடங்கியது, முதுகு வழியே செலுத்தும் எபிடியூரல் என்ற வலிநீக்கி கொடுக்கப்பட்டது. கருப்பை வாய் முழுவதும் திறந்த பிறகு வெகுநேரம் முக்கியும் தலை மேலும் இறங்கவில்லை. குழந்தையின் பின்னந்தலை தாயின் முதுகெலும்பைப் பார்த்தபடி இருந்ததுதான் காரணம். அந்த நிலையில் தலையின் பெரிய சுற்றளவு இடுப்பு வழியே வர வேண்டியிருக்கும். இதயத் துடிப்பு குறையத் தொடங்கியதும் பக்கவாட்டில் சாய்வாக எபிசியோட்டமி வெட்டு, அதாவது யோனி வாயை அகலமாக்கும் வெட்டு போடப்பட்டு, ஃபோர்செப்ஸ் கொண்டு, அதாவது பேச்சு வழக்கில் சொல்வதுபோல் ஆயுதம் போட்டு, குழந்தை எடுக்கப்பட்டது. எடை 3.9 கிலோ. அழுகை உடனே வந்தது.

கடுமையான கிழிசலுக்கு வழிவகுப்பவை என்று பாடநூல்கள் சொல்லும் காரணங்களில் நான்கு இங்கே ஒன்றுகூடியிருந்தன: முதல் யோனிவழிப் பிரசவம், நீண்ட இரண்டாம் கட்டம் (கருப்பை வாய் முழுவதும் திறந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை), பின்னந்தலை திரும்பிய நிலை, ஃபோர்செப்ஸ். இவை எல்லாம் இருந்தும் கிழியாதவர்கள் பலர். எதுவும் இல்லாமலே கிழிந்தவர்களும் உண்டு. பிரிட்டனின் ராயல் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அந்நாட்டில் யோனிவழிப் பிரசவங்களில் சுமார் 2.9 விழுக்காட்டில் ஆசனவாய்ச் சுருக்குத் தசை காயமடைகிறது; முதல் பிரசவங்களை மட்டும் எடுத்தால் அது 6.1 விழுக்காடு. எனவே இது அபூர்வமானதன்று. வெளியே பேசப்படாததால்தான் அபூர்வமாகத் தெரிகிறது.

நஞ்சுக்கொடி வந்த பிறகு செய்த பரிசோதனையில் கிழிசல் 3சி வகை என்று உறுதியானது. தோலும் யோனியின் உட்சவ்வும் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. அதற்கடியில் உள்ள தசைகளும் கிழிந்தால் இரண்டாம் நிலை. ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசையை எட்டினால் மூன்றாம் நிலை. அதிலும் வெளிச் சுருக்குத் தசையின் பாதிக் கனத்துக்குக் குறைவாகக் கிழிந்தால் 3ஏ, பாதிக்கு மேல் என்றால் 3பி, உட்சுருக்குத் தசையும் சேர்ந்து கிழிந்தால் 3சி. குடலின் உட்சவ்வும் பிளந்துவிட்டால் அது நான்காம் நிலை. இந்தப் பிரிவு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பது பின்னால் தெரியவரும். இந்தப் பெண்ணைப் பொறுத்தவரை ஒரு நல்லதும் நடந்தது: தையல் தொடங்குவதற்கு முன் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடப் பரிசோதனை விடுபட்டால் சுருக்குத் தசைக் கிழிசலை இரண்டாம் நிலை என்று நினைத்து மேலே தைத்துவிடுவது எளிது. அப்படி விடுபட்ட கிழிசல், அடுத்த பல ஆண்டுகளுக்குக் காரணம் தெரியாத தொந்தரவாகத் தாயோடு இருந்துவிடும்.

அறுவை அரங்குக்கு மாற்றி, போதிய மயக்க மருந்தின் கீழ் உட்தசையைத் தனியாகவும் வெளித்தசையைத் தனியாகவும் தைத்தார்கள். கிழிந்த தசையின் முனைகள் ரப்பர் நாடாபோல் உள்ளே சுருங்கிப் போய்விடுவதால் அவற்றைத் தேடிப் பிடித்து இழுத்துச் சேர்க்க வேண்டும். தசை தளர்ந்திருக்கவும், வெளிச்சம் போதவும் அரங்குக்குக் கொண்டுபோவது அதனால்தான். நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்து, மலத்தை இளக்கி வைக்கும் மருந்து, சிறுநீர்க் குழாய் ஆகியவற்றோடு அவர் படுக்கைக்குத் திரும்பினார்.

முதல் ஆறு வாரங்கள்

மறுநாளே அவரால் நடக்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. பால் கொடுக்கும்போது ஒரு பக்கப் பிட்டத்தில் மட்டும் எடையைத் தாங்கி உட்கார்ந்தார். மூன்றாம் நாளில் இடுப்பும் வலிக்கத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் வீக்கத்தைக் குறைத்தது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் தெரியாதிருக்க வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகச் சொன்ன செவிலியரின் யோசனை, எழுதிக் கொடுத்த எல்லா மருந்துகளையும்விட அதிகமாக உதவியதாக அவர் பின்னர் சொன்னார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் முதல் மலம் கழிப்பது. தையல் பிய்த்துக்கொள்ளும் என்று நினைத்து அவர் நான்கு நாட்கள் அடக்கி வைத்திருந்தார். உண்மையில் ஆபத்து நேர்மாறானது: அடக்க அடக்க மலம் இறுகி, அதை வெளியேற்ற முக்கும்போதுதான் புதிய தையலின் மேல் அழுத்தம் ஏறும். கோடீன் கலந்த வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் அவை நிறுத்தப்பட்டு, பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நேரம் தவறாமல் கொடுக்கப்பட்டன. மலமிளக்கியின் அளவு கூட்டப்பட்டது. கால்களுக்கடியில் சிறு பலகை வைத்து, முழங்கால்களை இடுப்புக்கு மேலே உயர்த்தி, முன்னால் சாய்ந்து, மடித்த துணியால் தையலை வெளியிலிருந்து மெல்லத் தாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் அது பெரிய வலியின்றி முடிந்தது. இதைச் சொல்லித்தர வேண்டிய நேரம் முதல் நாள். சொல்லப்பட்டதோ ஐந்தாம் நாள்.

மூன்றாம் வாரத்தில் தையல்கள் கரையத் தொடங்கின. வலி பெரும்பாலும் குறைந்தது. ஆறாம் வாரத்தில் பார்த்தவர்கள் அவர் தேறிவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள். அவரும் அப்படித்தான் எண்ணினார்.

எட்டாம் வாரக் கேள்வி

எட்டாம் வாரத்தில், இடுப்புத்தளத் தசைகளுக்கான, அதாவது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளரிடம் அனுப்பப்பட்டார். தையல் ஆறியிருந்தது. “வலி இருக்கிறதா?” என்ற கேள்விக்கு இல்லை என்றார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்றதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. பிறகு சிகிச்சையாளர் கேள்வியை மாற்றினார்: “காற்று பிரியும்போது, வேண்டாம் என்று நினைத்தால் உங்களால் அடக்க முடிகிறதா?”

சற்று நேரம் அவர் பேசவில்லை. “இல்லை, மேடம். அது குழந்தை பெற்ற எல்லோருக்கும் அப்படித்தானே?” என்றார். அதன் பின் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மலம் வரும் உணர்வு தோன்றிய ஓரிரு நிமிடங்களுக்குள் கழிவறைக்குப் போயாக வேண்டியிருந்தது. சில நாட்களில் உள்ளாடையில் கறை இருந்தது, அது எப்போது பட்டது என்றே அவருக்குத் தெரியவில்லை. வெளியே கிளம்பினால் முதலில் கழிவறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். எங்கே போனாலும் கறுப்பு உடையே உடுத்தினார். இவை எதையும் அவர் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

3சி என்ற வகைப்பாட்டின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. ஆசனவாய் ஓய்வில் மூடியிருப்பதற்குக் காரணமான அழுத்தத்தில் பெரும்பங்கு உட்சுருக்குத் தசையினுடையது. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை. தூக்கத்திலும் தானாகவே இறுகியிருக்கும். வெளிச்சுருக்குத் தசையோ நாமாக இறுக்கிப் பிடிப்பது. அவசரம் வரும்போது கழிவறைக்குப் போய்ச் சேரும் வரை தாக்குப்பிடிக்க உதவுவது. வெளித்தசை பலவீனமானால் அடக்க முடியாத அவசரமும், உட்தசை பலவீனமானால் உணராமலே ஏற்படும் கசிவும் மேலோங்கும். இவரிடம் இரண்டும் இருந்தன. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜென் குறைந்திருப்பதால் வந்த யோனி வறட்சியும் தழும்பின் இறுக்கமும் சேர்ந்து, பல மாதங்களுக்கு உடலுறவையும் வலிமிக்கதாக்கின.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பொறுமையான பயிற்சி. காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்துப் பிடித்து விடுவது, பிறகு அதே அளவு கவனத்தோடு முழுமையாகத் தளர்த்துவது. இறுக்கமாகிப் போன தசையும் பலவீனமான தசைதான் என்பதால் தளர்த்தலைப் பலர் நினைப்பதுபோல் விட்டுவிட முடியாது. மலம் நீர்த்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கட்டத்தில் முக்கியமானது. முதல் வாரங்களில் இளக்க வேண்டியிருந்ததை இப்போது கெட்டிப்படுத்த வேண்டும். ஓராண்டு முடிவில் கசிவு நின்றிருந்தது. அவசரம் குறைந்திருந்தது. காற்றை அடக்குவது மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. வெளிச்சுருக்குத் தசை தைக்கப்பட்ட பெண்களில் 60 முதல் 80 விழுக்காட்டினருக்கு 12 மாதங்களில் எந்த அறிகுறியும் இருப்பதில்லை என்று மேற்சொன்ன வழிகாட்டுதல் சொல்கிறது. நம்பிக்கை தரும் கணக்குத்தான். மீதமுள்ளவர்களில் ஒருவராக இருப்பவருக்கு அதனால் ஆறுதல் இல்லை.

இரண்டாவது கர்ப்பமும் முடிவும்

மூன்றாண்டுகள் கழித்து அவர் மீண்டும் கருவுற்றார். இம்முறை எந்த வழியில் பிரசவம் என்பதை முன்கூட்டியே பேச வேண்டியிருந்தது. ஒருமுறை சுருக்குத் தசை கிழிந்தவருக்கு அடுத்த யோனிவழிப் பிரசவத்தில் மீண்டும் அப்படிக் கிழிவதற்கான வாய்ப்பு 5 முதல் 7 விழுக்காடு. அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் இந்த எண்ணைச் சொன்னால், பலர் மறுபடியும் யோனிவழிப் பிரசவத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது நியாயமான தேர்வும்கூட. இவருக்கு அறிகுறி இருந்தது. ஆசனவாய் வழியே செய்த ஸ்கேனில் உட்தசையில் ஓர் இடைவெளி தெரிந்தது, அழுத்த அளவீடும் குறைவாக வந்தது. மிச்சமிருக்கும் தசையை இன்னொரு சோதனைக்கு உட்படுத்துவதா, வயிற்றில் புதிய காயத்தை ஏற்பதா என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. திட்டமிட்ட சிசேரியனை அவர் தேர்ந்தெடுத்தார். நானும் அந்த நிலையில் அதையே பரிந்துரைத்திருப்பேன்.

இரண்டாவது பிரசவமும் அதன் பின்னும்

39 வாரங்கள் நிறைந்த பின் தண்டுவட மயக்க ஊசியின் கீழ் அறுவை நடந்தது. அடிவயிற்றில் குறுக்குவெட்டு. தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்றறைச் சவ்வு, கருப்பை என்று அடுக்கடுக்காகத் திறக்கிறார்கள். வயிற்றுத் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து விலக்குகிறார்கள். இரத்த இழப்பு வழக்கமான அளவில் இருந்தது.

முதல் மூன்று நாட்கள் முந்தைய பிரசவத்தைவிடத் தெளிவாகவே கடினமானவை என்பது அவருடைய கணிப்பு. மயக்கம் தெளிந்ததும் படுக்கையில் திரும்புவதே பெரும்பாடாக இருந்தது. தும்மல் வந்தால் மடித்த துண்டைத் தையலின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குடல் இயக்கம் மந்தமாகி வாயு தேங்கிய வலி, இரண்டாம் நாளில் வெட்டின் வலியையும் மிஞ்சியது. காலில் இரத்தம் உறைவதைத் தவிர்க்க அன்றே எழுந்து நடக்கச் சொன்னார்கள். நேராக எழாமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழும் முறையை அறுவைக்கு முன்பே பழக்கியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. முன்பு நடக்க முடிந்து உட்கார முடியவில்லை. இப்போது உட்கார முடிந்தது, எழுவதுதான் கடினம்.

ஆனால் வலி இறங்கிய வேகம் வேறாக இருந்தது. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட எளிதாயிற்று. இரண்டாம் வார முடிவில் மாத்திரை எப்போதாவதுதான் தேவைப்பட்டது. குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரங்களுக்குத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வயது மூத்த குழந்தை வீட்டில் இருக்கும்போது அந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை எழுதிக் கொடுப்பவர்கள் யோசிப்பதில்லை. குழந்தையைத் தூக்காமல், தான் கீழே உட்கார்ந்து மடியில் ஏற விடுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். பத்தாம் நாள் வெட்டின் ஓர் ஓரத்தில் சிவந்து நீர் கசிந்தது. தொற்று என்று கண்டு மருந்து கொடுத்ததில் ஒரு வாரத்தில் அடங்கியது. ஆறாம் வாரத்தில் தழும்புக்கு மேலே கைப்பிடி அகலத்துக்குத் தொடுவுணர்வு இல்லை. தோலுக்குப் போகும் நுண்நரம்புகள் வெட்டில் அறுபடுவதால் இது பலருக்கும் ஏற்படுவது. ஓராண்டில் அந்தப் பகுதி பாதியாகச் சுருங்கியது.

எதை எதனோடு ஒப்பிடுகிறோம்

இவ்விரு வரலாறுகளையும் நாள்காட்டியில் அடுக்கிப் பார்த்தால், முதல் வாரத்தில் சிசேரியன் கடினமாகவும், ஆறாம் வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவும், ஆறாம் மாதத்தில் கிழிசல் மிகக் கடினமாகவும் தெரியும். எந்த நாளில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. குழந்தை பெற்ற ஒரு வாரத்தில் கருத்துக் கேட்டு முடிவுகட்டுபவர்கள் ஒரு விடையும், ஓராண்டு கழித்துக் கேட்பவர்கள் இன்னொரு விடையும் பெறுவதில் வியப்பில்லை.

உடலியல் ரீதியாகவும் இதற்குக் காரணம் உண்டு. வயிற்றுச் சுவர் தன் வேலையைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ள முடியும். படுத்திருக்கலாம், கனம் தூக்காதிருக்கலாம். அங்கே காயம் ஆறிவிட்டால் பெரும்பாலும் வேலையும் திரும்பிவிடுகிறது. சுருக்குத் தசைக்கு ஓய்வு என்பதே கிடையாது. கிழிந்த முனைகள் ஒட்டினாலும் நடுவே தழும்புத் திசு அமைகிறது, தழும்பு சுருங்கி விரிவதில்லை. தவிர, பிரசவத்தில் இழுபட்ட நரம்புகள் மீள்வதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே காயம் ஆறியதும் வேலை திரும்பியதும் இங்கே இரு வேறு நாட்கள்.

சமூகம் நடத்தும் விதமும் இதில் கலந்திருக்கிறது. சிசேரியனுக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் வயிற்றுத் தையலைப் பற்றி விசாரித்தார்கள். வேலை செய்யாதே என்றார்கள். முதல் பிரசவத்துக்குப் பின் சுகப்பிரசவம்தானே என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வாரத்திலேயே வழக்கமான வேலைகளை எதிர்பார்த்தார்கள். இரண்டுமே அறுவை அரங்கில் தைக்கப்பட்ட காயங்கள்.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. இங்கே நடந்தது வலி தொடங்குமுன் திட்டமிட்டுச் செய்த சிசேரியன். கருப்பை வாய் முழுவதும் திறந்த பிறகு, தலை இடுப்பில் ஆழமாக இறங்கி நிற்கும்போது அவசரமாகச் செய்யப்படும் சிசேரியன் வேறு வகை. அதில் கருப்பை வெட்டு நீண்டு கிழிவது, அதிக இரத்தப்போக்கு, தொற்று ஆகியவை கூடுதல். முதல் பிரசவத்தில் ஃபோர்செப்ஸுக்கு மாற்றாக இருந்தது இந்த அவசர வகைதானே தவிர, 39 வாரத்தில் நிதானமாகச் செய்தது அல்ல. எனவே “அன்றே சிசேரியன் செய்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது” என்ற வருத்தத்துக்கு இந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை. அதுபோலவே, கடுமையான கிழிசலை அஞ்சி எல்லோரும் முதல் பிரசவத்திலேயே சிசேரியன் கேட்பதும் கணக்குக்கு ஒத்துவராது. பெரும்பான்மையினருக்கு அந்தக் கிழிசல் ஏற்படுவதே இல்லை, சிசேரியனின் விலையையோ அடுத்தடுத்த கர்ப்பங்களில் கொடுக்க வேண்டியிருக்கும். சிறுநீர்க் கசிவு சிசேரியனால் குறைகிறது, முழுதும் தடுக்கப்படுவதில்லை. கர்ப்பத்தின் பாரமே இடுப்புத்தளத்தைத் தளர்த்துகிறது.

நடைமுறையில் மாற்றக்கூடியவையும் உண்டு. தலை வெளிவரும் கட்டத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பதும், கையால் தாங்கித் தலையை மெல்ல வெளிவர விடுவதும் கடுமையான கிழிசலைக் குறைக்கின்றன. கிழிந்த பின், ஆசனவாய்ப் பரிசோதனை இன்றி எந்தத் தையலும் போடாதிருப்பது அடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 6 முதல் 12 வாரங்களுக்குள் நடக்கும் பரிசோதனையில் “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற பொதுக் கேள்வி போதாது. காற்றை அடக்க முடிகிறதா, அவசரம் இருக்கிறதா, உள்ளாடையில் கறை படுகிறதா, உடலுறவில் வலியா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கப்படாதவரை அந்தப் பெண் “இல்லை” என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தற்போதைய நிலை

சிசேரியனுக்கு ஓராண்டு கழித்து வயிற்றுத் தழும்பில் வலி இல்லை. காற்றை அடக்கும் திறன் இரண்டாவது கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவிலேயே உள்ளது, மோசமாகவில்லை. பயிற்சியைத் தொடரச் சொல்லப்பட்டிருக்கிறது, ஏனெனில் பிரசவத்தில் காயமுற்ற சுருக்குத் தசை, மாதவிடாய் நின்று தசைகள் மெலியும் வயதில் மீண்டும் தொந்தரவு தருவதுண்டு. மூன்றாவது குழந்தை வேண்டுமானால், நஞ்சுக்கொடி பழைய கருப்பைத் தழும்பின் மேல் படிந்திருக்கிறதா என்பதை ஸ்கேனில் குறிப்பாகப் பார்க்க வேண்டும் என்றும், பிரசவ முறை பற்றிய பேச்சு மீண்டும் முதலிலிருந்து, அப்போதைய அறிகுறிகளை வைத்து நடக்கும் என்றும் கோப்பில் குறிக்கப்பட்டுள்ளது.